வரைபடத்தில் விட்டுப்போன அறை

மைசூர் வித்யாரண்யபுரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் சுரேந்தர், நாற்பத்திரண்டு வயது வரைக்கும் ஒரு துணிக்கடையிலும் தன் போன் நம்பரைச் சொன்னதில்லை. பில் போடுகிற பெண் கேட்பாள். எதற்கு என்று இவன் திருப்பிக் கேட்பான். நம்பர் போடாவிட்டால் கம்ப்யூட்டர் மேலே நகராது என்பாள். அப்படியானால் பத்து ஒன்பதுகளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பான். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவன் மனைவி அஷ்வினி, வேறு யாருடனோ கடைக்கு வந்தவள் போல நைட்டிகள் தொங்கும் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. அங்கே இருக்கிற தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் உண்மையைத்தான் சொல்கின்றனவா என்று மாதாமாதம் சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு ஒட்ட வேண்டும். பதினேழு வருடமாக இதே வேலை. எந்த முள்ளையும் முதல் பார்வையில் நம்பக்கூடாது என்பது அவன் உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. காலையில் அசோகபுரம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் போனில் எந்தெந்தச் செயலிக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறார் என்று அவன் கண் தானாகப் போகும். டார்ச் அடிக்கிற செயலிக்கு உங்கள் போன் புத்தகம் எதற்கு சார் என்று ஒருமுறை கேட்டே விட்டான். அந்த மனிதர் மறுநாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறினார்.

டிப்ளமோ படிக்கும்போது கையில் கிடைத்த ஒரு லினக்ஸ் சிடிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மென்பொருள் என்றால் அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது அவனுக்கு அன்று பெரிய செய்தியாக இருந்தது. மூடி வைத்த பெட்டியைப் பார்த்தால் சந்தேகம், திறந்து வைத்த பெட்டியைப் பார்த்தால் நிம்மதி. அன்றிலிருந்து கட்டற்ற மென்பொருள்தான் அவன் கட்சி. லேப்டாப்பின் கேமரா மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டியிருந்தான். வாட்ஸ்அப் கிடையாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமோ சாவோ, எல்லாம் அஷ்வினி வழியாகத்தான் அவனுக்கு வந்து சேரும்.

இன்னொரு பித்து கேமரா. பழையதாக வாங்கிய கேமரா, லென்ஸில் ஓரமாக ஒரு கீறல். அரண்மனையையும் தசரா விளக்கையும் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அவன் சந்துகளை எடுத்தான். இரண்டு சுவருக்கு நடுவே காலை வெயில் எந்த நேரத்தில் இறங்குகிறது, எந்தப் படியில் உட்கார்கிறது, எப்போது எழுந்து போகிறது என்று பார்ப்பதில் அவனுக்கு அலுப்பே வராது. எடுத்த படங்களையெல்லாம் இணையத்தில் போட்டு, யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள் என்று எழுதி வைப்பான்.

இந்த இரண்டு பித்தும் சேர்ந்து அவனைக் கொண்டுபோய் விட்ட இடம் வரைபடம். உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் ஊர்த் தெருக்களைத் தாங்களே நடந்து பார்த்து, இணையத்தில் ஒரே வரைபடத்தில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். அதுவும் கட்டற்றது, யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். சுரேந்தர் மண்டி மொஹல்லா என்ற பழைய பகுதியை எடுத்துக்கொண்டான். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கேமராவும் நோட்டுமாகப் போவான். எந்தச் சந்து எங்கே திரும்புகிறது, எங்கே படி இருக்கிறது, எங்கே பைக் மட்டும் நுழையும், எங்கே தண்ணீர்க் குழாய் என்று குறிப்பான். மறந்துவிடாமலிருக்கக் கதவுகளையும் வீட்டு எண்களையும் படம் எடுப்பான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து கோடு கோடாக ஏற்றுவான்.

தன்னைப் பற்றிய ஒரு விவரமும் எவனுக்கும் போகக்கூடாது என்று இருந்த மனிதன், அடுத்தவர் வாசல்களை இப்படி எண்ணிக்கொண்டிருப்பது யாருக்காவது எப்படித் தோன்றும் என்று அதுவரை யோசித்ததில்லை.

போன வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிறு. அசோகா ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு திருப்பம் தள்ளி ஒரு மாவு மில். அதை ஒட்டிப் போகிற ஒடுக்கமான சந்தின் முனையில் நின்று அவன் எதிர்வீட்டு எண்ணைப் படம் எடுத்தபோது, மில்லுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருவத்திலும் கையிலும் மாவு. மில் அவளுடையது. பெயர் மாதம்மா என்று பின்னால்தான் தெரிந்தது.

“யாவ ஆபீஸு?” என்று கன்னடத்தில் கேட்டாள்.

எந்த ஆபீசும் இல்லை என்று கன்னடத்திலேயே சொன்னான். அவள் அவன் கையிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தாள். அதில் தமிழில் எழுதியிருந்தது.

“தமிழாளுதானா? யாரு அனுப்புனாங்கனு சொல்லீட்டு அப்பறம் எழுதுங்க.”

“யாரும் அனுப்பலைங்கக்கா. நானா வந்து பண்றதுதான்.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

“சும்மா வந்து அடுத்தவங்க ஊட்டுக் கதவ எண்ணீட்டுப் போறதுக்கு உங்களுக்கென்ன கிறுக்கா?”

அவன் வரைபடத்தைப் பற்றிச் சொன்னான். ஆம்புலன்ஸ்காரருக்கு வழி தெரியும், கொரியர்காரர் அலைய வேண்டியதில்லை என்றான். இந்தச் சந்துக்குள் ஆம்புலன்ஸ் எப்படி நுழையும் என்று அவள் கேட்டாள். எந்த ஊர் என்று கேட்டாள். அப்பாவுக்கு அனூரை அடுத்த ராமாபுரம் என்றதும் அவள் முகம் ஒரு நொடி இளகியது. அவளும் அனூர்ப் பக்கத்துக்காரிதான். ராமாபுரத்தில் எந்தத் தெரு, யார் வீட்டு வகையறா, தாத்தா பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்டாள். சுரேந்தர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா கட்டட வேலைக்காக இருபது வயதில் ஊரை விட்டு வந்தவர், ஊர்ப் பேச்சே எடுக்கமாட்டார். தாத்தா பெயரைத் தவிர எதுவும் தெரியவில்லை. சொந்த ஊரில் தெருப் பெயர் தெரியாதவன் இங்கே வந்து தெரு எழுதுகிறான் என்றால் அது பொய்தான் என்று மாதம்மா முடிவு கட்டிவிட்டாள். இடுப்பில் கை வைத்துச் சந்தை அடைத்தாற்போல் நின்றாள்.

சுரேந்தர் வம்புக்குப் போகிறவன் இல்லை. நோட்டை மூடினான். திரும்புவதற்கு முன் பழக்க தோஷத்தில் அவள் தோளுக்கு மேலாகச் சந்தை ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

வீட்டில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மனம் குளிர்ந்தது. இரண்டு பக்கமும் இருண்ட சுவர். கடைக்கோடியில் கதவு உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று வெளிச்சம். அந்த வருடம் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைத்தான். வானிலிருந்து எடுத்த படத்தில் சந்தின் கடைசிப் பகுதியைப் புங்க மரமும் தகரக் கூரைகளும் மறைத்திருந்தன. ஆனால் அந்த முனையில் அவ்வளவு வெளிச்சம் இருக்கிறதென்றால் அப்பால் திறந்த இடம்தானே? சந்து அந்தப் பக்கத்துத் தெருவில் போய்ச் சேருகிறது என்று கோட்டை இழுத்து முடிச்சுப் போட்டான். பெயரில்லாமல் விட மனமில்லை. அங்கே இருப்பவர்கள் பின்னாடிச் சந்து என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். கன்னடத்தில் மில்லுக்குக் கிரணி, சந்துக்குக் கல்லி. ‘கிரணி கல்லி’ என்று தானே ஒரு பெயர் வைத்தான். போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு சேர்ப்பது முறை. அடுத்த ஞாயிறு போகத்தான் போகிறோம் என்று அதைச் சேர்க்கவில்லை. அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு அஷ்வினியின் தங்கை வீட்டில் விசேஷம். பிறகு மறந்துபோனது.

மாசியில்தான் திரும்ப அந்தப் பக்கம் போனான். வெயில் வேறு கோணத்தில் இறங்கும் மாதம், அந்தச் சந்தை இன்னொரு முறை எடுக்கலாம் என்ற ஆசை. நுழையும்போதே என்னவோ மாறியிருந்தது. சுவர்களில் சிவப்புப் பெயின்டில் அம்புக்குறிகளும் எண்களும். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவன் கேமராவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் எழுந்து மில் பக்கம் போனார். சுரேந்தர் திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் மாதம்மா வந்துவிட்டாள். இந்த முறை ‘ங்க’ இல்லை.

“அன்னிக்கு சும்மான்னு சொன்ன. உன்ற சும்மா எங்க செவுத்துல செவப்பா நிக்குது பாரு.”

அவன் சட்டைக் கையைப் பிடித்துச் சந்தின் கடைசி வரை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சந்து முடிந்தது. முடிந்த இடத்தில் ஓர் அறை. மில்லுக்கு வரும் ராகியும் கோதுமையும் அடுக்கி வைக்கும் அறை. கூரையில் இரண்டு தகடு வெளிச்சத்துக்காகக் கண்ணாடி நாரில் போட்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே சுவர், தரை, மூட்டை எல்லாவற்றின் மேலும் மாவு படிந்து, மேலிருந்து விழுந்த வெயிலில் ஒரே வெள்ளையாக இருந்தது. அவன் வீட்டில் பெரிதாக்கிப் பார்த்து ரசித்த வெளிச்சம் அதுதான். கதவின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

அவன் அண்ணாந்து அந்தக் கூரைத் தகடுகளைப் பார்த்தான்.

அதற்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். குமார் என்ற ஆட்டோக்காரர், முப்பது வயதுக்காரர், கேமராவைக் கொடு என்றார். கத்தவில்லை, அடிக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். சுரேந்தர் கொடுத்தான். குமார் பொத்தானை அழுத்தி அழுத்திப் படங்களைப் பார்த்தார். மற்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். கதவுகள், எண்கள், குழாய்கள். இதெல்லாம் சும்மாவா என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது கேட்டார்கள். பின்னோக்கிப் போகப் போகத் தொழிற்சாலையின் வேப்ப மரம் வந்தது, ரயில் ஜன்னல் வந்தது, மொட்டை மாடியில் ஈரத் தலையை உதறிக்கொண்டு நிற்கும் அஷ்வினி வந்தாள். குமாரின் கட்டைவிரல் அங்கே நின்றது. பிறகு நகர்ந்தது. சுரேந்தருக்குக் காது இரண்டும் எரிந்தது. தன் பெட்டியை ஒருவர் திறந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவன் பல கூட்டங்களில் பேசியிருக்கிறான். இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தத் தெருவில் எடுத்த படங்களை ஒன்றுவிடாமல் அழிக்கச் சொன்னார்கள். முப்பத்துநான்கு படம். அழித்தான். கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

போகிற வழியில் மில் சுவரில் ஒட்டியிருந்த மாநகராட்சி நோட்டீசைப் படித்தான். புதிய பாதாளச் சாக்கடைக் குழாய் இந்த வழியே போகப்போகிறது, பாதையில் குறுக்கே இருப்பவை அகற்றப்படும், ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்று கன்னடத்தில் இருந்தது. கீழே ஒரு வரைபடம். அதில் மில்லை ஒட்டிப் போகும் சந்து நேராக அடுத்த தெருவில் சேர்ந்தது. அந்தக் கோட்டின் மேல் சிறிய எழுத்தில் கிரணி கல்லி என்று போட்டிருந்தது. உலகத்தில் அந்தச் சந்தை அந்தப் பெயரால் அழைத்தவன் அவன் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து கோட்டைப் பார்த்தான். அதே வளைவு, அதே முடிச்சு. எவனோ எடுத்துக் கொடுத்திருக்கிறான் என்ற நினைப்பு பிடித்துக்கொண்டது. யார்? மாதத்தில் ஒரு சனிக்கிழமை கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் ஆறேழு பேர் கூடுவார்கள். அதில் மனோஜ்குமார் என்று ஒருவன், கொள்ளேகால்காரன், இவனைவிடப் பத்து வயது சின்னவன். ஒப்பந்தத்துக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. தை மாதக் கூட்டத்தில் மண்டி மொஹல்லாவில் எதுவரை முடித்தீர்கள் அண்ணா என்று அவன் கேட்டது ஞாபகம் வந்தது. எதற்குக் கேட்டான்? அன்று டீக்கு அவன்தான் பணம் கொடுத்தான், எதற்குக் கொடுத்தான்? போன கூட்டத்துக்கு ஏன் வரவில்லை? நாலு நாள் சுரேந்தர் இதையே மென்றான். ரயிலில் ஸ்டேஷன் தாண்டிப் போகப் பார்த்தான். பழைய மின்னஞ்சல்களையெல்லாம் தோண்டி மனோஜ் எழுதியவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தான்.

நாலாம் நாள் அஷ்வினி தோசை வார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அந்தக் கோட்டைப் போட்டது யார் என்றாள். நான்தான் என்றான். அந்த அறையைப் பார்க்காமலா போட்டீர்கள் என்றாள். அவன் தட்டிலிருந்த தோசையைப் பிய்த்தான்.

“ஊருல எல்லார் மேலயும் சந்தேகப்படறீங்க. உங்க மேல மட்டும் ஒரு நாளும் பட்டதில்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த தோசைக்கு எண்ணெய் விட்டாள்.

மறுநாள் மாலை அக்ரஹாரம் பக்கத்து டீக்கடையில் மனோஜ்குமாரைப் பிடித்தான். சுற்றி வளைத்துக் கேட்பதற்கு மூன்று கேள்விகள் தயாரித்து வைத்திருந்தான். முதல் கேள்வியிலேயே மனோஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

“நான்தாங்கண்ணா எடுத்தேன். இதுல ஒளிக்கறதுக்கு என்னங்க இருக்கு? யாரு வேணாலும் எதுக்கு வேணாலும் எடுத்துக்கலாம்னு மாசாமாசம் எங்களுக்குச் சொல்றதே நீங்கதானே?”

சுரேந்தர் டீயை ஆற்றினான். மனோஜே தொடர்ந்தான்.

“உங்க பேரப் போடாம உட்டது தப்பு. அத ஒத்துக்கறேன்.”

“போய்ப் பாத்தீங்களா யாராவது?”

நேரில் போய்ச் சரிபார்த்தாகிவிட்டது என்று தாளில் கையெழுத்து இருக்கிறது, யாரும் போகவில்லை என்று மனோஜ் மெதுவாகச் சொன்னான். பெயின்ட் அடித்தவர்கள் தாளில் இருந்த கோட்டைப் பார்த்து அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கோட்டின் குறுக்கே அறை இருந்ததால் அது ஆக்கிரமிப்பு என்று எழுதிவிட்டார்கள்.

சோதிக்காமல் பச்சைச் சீட்டு ஒட்டியதற்காகச் சுரேந்தர் ஒருமுறை தன் கீழே வேலை பார்த்தவரின் மேல் புகார் எழுதியிருக்கிறான். அந்த ஆளுக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் ஆனது. அந்த ஞாபகத்தோடு டீயைக் குடித்து முடித்தான். நாலு நாளாகத் தனியாக எடுத்து வைத்திருந்த மின்னஞ்சல்களை நினைத்தபோது மனோஜின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டான். இன்னும் ஆறு நாள் இருக்கிறது, சந்து முட்டுச்சந்துதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கோட்டை யார் எப்போது எப்படிப் போட்டார்கள் என்ற வரலாறு இணையத்தில் அப்படியே இருக்கிறது, அதை அச்செடுத்து இணைக்கலாம் என்றான் மனோஜ். கன்னடத்தில் எழுத உதவுகிறேன் என்றும் சொன்னான். தன் கம்பெனி பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சுரேந்தர் எழுதவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மில்லுக்குப் போனான். கேமரா எடுத்துப் போகவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாதம்மா அவனைப் பார்த்துவிட்டு, அரைத்துக்கொண்டிருந்த மிளகாய்த் தூளைச் சலித்து முடிக்கும் வரை திரும்பவில்லை. சுரேந்தருக்குத் தும்மல் மேல் தும்மல். மெஷினை நிறுத்தியதும் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் படத்தில் இருந்த வெளிச்சத்தைப் பற்றியும் சொன்னான்.

“அப்ப நீதான்” என்றாள்.

“நான்தாங்கக்கா.”

“அன்னிக்கே நான் சொன்னன்.”

அவன் மனுவைக் காட்டினான். இந்தச் சந்து அடுத்த தெருவுக்குப் போகவில்லை, அந்தக் கோட்டை நேரில் பார்க்காமல் ஊகத்தில் போட்டவன் நான்தான் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். மாதம்மாவுக்குக் கன்னடம் படிக்க வரும். எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். அறைக்கு வரி கட்டிய ரசீது இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, உனக்கெதற்கு என்றாள். எனக்குக் காட்ட வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்து நீங்களே இதோடு சேர்த்துக் கொடுங்கள் என்றான். அது அவளுக்குப் பிடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீ காணாமல் போனால் நான் யாரைத் தேடுவது என்று கேட்டாள். கேட்டது நியாயம் என்று அவனுக்குப் பட்டது.

“போன் நம்பரு, ஊட்டு அட்ரசு, ஆதார் ஜெராக்சு. மூணும் குடுத்துட்டுப் போ.”

சுரேந்தர் ஆதார் நகலை யாருக்கும் லேசில் கொடுக்கமாட்டான். கொடுத்தாலும் குறுக்கே கோடு போட்டு, இன்ன வேலைக்கு மட்டும், இன்ன தேதி என்று எழுதித்தான் கொடுப்பான். பக்கத்துக் கடையில் நகல் எடுத்து வந்து அப்படி எழுதப் பேனாவைத் திறந்தான். மாதம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடிவிட்டு வெறுமனே கொடுத்தான்.

அதுவும் போதவில்லை. அட்ரஸ் உண்மைதானா என்று பார்த்துவரக் குமாரை அனுப்பினாள். சுரேந்தர் குமாரின் ஆட்டோவிலேயே வித்யாரண்யபுரம் போனான். குமார் கீழ்வீட்டு ஓனரிடம் இவர் இங்கேதான் இருக்கிறாரா, எத்தனை வருடமாக என்று விசாரித்தார். பேச்சுக் குரல் கேட்டு அஷ்வினி படியிறங்கி வந்தாள். குமாருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. உடனே தலையைக் குனிந்துகொண்டு, சரிங்கக்கா என்று யாருக்கோ பதில் சொல்வதுபோல் சொன்னார். அஷ்வினி தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள், இவருக்கு வாட்ஸ்அப் கிடையாது, எதுவானாலும் எனக்கு அனுப்புங்கள் என்று. ஆட்டோ வாடகை வேண்டாம் என்று குமார் சொல்லிவிட்டார்.

மனு கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் மாநகராட்சி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. சுரேந்தரும் மாதம்மாவும் ஒன்றாகத்தான் போனார்கள். பேருந்தில் அவள் முன்பக்கமும் அவன் பின்பக்கமும். வாங்கியதற்கு முத்திரை போட்ட ரசீதை அவள் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். ஆபீசிலிருந்து மூன்று வாரம் ஒரு பேச்சும் இல்லை. பிறகு ஒரு என்ஜினியர் நேரில் வந்து சந்தை நடந்து பார்த்தார், டேப் பிடித்து அளந்தார், அறைக்குள் போய்க் கூரையைப் பார்த்தார். சுரேந்தரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பங்குனி கடைசியில் யாரோ வந்து பெருக்கல் குறியின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனதாக அஷ்வினியின் போனுக்குக் குமாரிடமிருந்து ஒரு படம் வந்தது. குழாய் மெயின் ரோடு வழியாகவே போகும் என்று சொன்னார்கள். மனுவினால்தானா, அல்லது ஒப்பந்தக்காரருக்கே அந்தச் சந்து சிரமமாகிவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. எழுத்தில் ஒன்றும் வரவில்லை. அதனால் மாதம்மா இதை நம்பவில்லை. சுரேந்தரும் நம்பவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

வரைபடத்தில் அவன் கோட்டை வெட்டினான். கடைசியில் ஒரு சிறிய கட்டடம் வரைந்தான். கிரணி கல்லி என்ற பெயரை எடுத்துவிட்டான். மில்லின் பெயரைப் போடட்டுமா, புதிதாக வருகிறவர்கள் தேடி வர வசதியாக இருக்கும் என்று மாதம்மாவிடம் கேட்டதற்கு, வேண்டாம் என்றாள். அரைக்க வருகிறவர்களுக்கு வழி தெரியும், தெரியாதவர்கள் வர வேண்டாம். மண்டி மொஹல்லாவில் அவன் நேரில் பார்க்காமல் ஊகத்தில் போட்ட கோடுகள் வேறெங்கும் இருக்குமோ என்று உட்கார்ந்து தேடினான். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தான். இப்போதெல்லாம் கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் சந்து முனையில் யாராவது வந்து கேட்கும் வரை நிற்கிறான். கேட்டால் சொல்கிறான். போ என்றால் போய்விடுகிறான். உள்ளே விடாத மூன்று சந்துகளின் கோடுகள் அதனால் வரைபடத்தில் பாதியிலேயே வெட்டுப்பட்டு நிற்கின்றன. மாதக் கூட்டங்களில் மனோஜ்குமாரோடு பேசுகிறான், ஆனால் யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் சொல்கிறான்.

வைகாசியில் ஒரு ஞாயிறு அஷ்வினி மூன்று கிலோ ராகி கொடுத்து அரைத்துவரச் சொன்னாள். மில்லில் கூட்டம் இல்லை. மாதம்மா டப்பாவை வாங்கிக் கொட்டினாள். மெஷின் ஓடி முடியும் வரை அவன் வெளியே நின்றான். மாவை வாங்கிக்கொண்டு, வேலை முடிந்துவிட்டதே, அந்த ஆதார் நகலைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். எதற்கு அவசரம் என்று அவள் கேட்டாள்.

“கொழா வேலை இன்னும் முடியலீங்கல்ல. முடியட்டும். அப்பறம் பாக்கலாம்.”

‘ங்க’ திரும்பி வந்திருப்பதை அவன் கவனித்தான். நகல் வரவில்லை. மாவு டப்பா கையைச் சுட்டது. கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு அசோகா ரோடு வரை நடந்தான்.